அக்காவுக்கு மெஷின் பார்த்த மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் நான் நீட்டும் எந்தக் காகிதத்தையும் யாரும் கடைசி வரி வரை படிக்காமல் வாங்குவதில்லை. மளிகைச் சீட்டாக இருந்தாலும் அப்படித்தான். என் மனைவிகூடக் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. அந்தச் சந்தேகத்தைப் பதியம் போட்டு வளர்த்தவன் நான்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. புதுச்சேரியில் ஒரு ரொட்டிக் கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏசி கம்ப்யூட்டருக்கு, எங்களுக்குக் கிடைத்த குளிர்ச்சி அதன் தயவு. கீழிருந்து ரொட்டி வாசனை படியேறி வந்து, கதவுக்கு வெளியே செருப்புகளோடு நின்றுகொண்டிருக்கும்.

அக்கா பிலோமினாவுக்கும் கருவடிக்குப்பத்து ஜோசப்புக்கும் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பது எங்கள் வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், விக்கினம் ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பார்கள். கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை கோழிக் கிறுக்கலில் எழுதித் தரும் ஓலை என் அக்காவுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவள் பெயர் பிரிண்டரிலிருந்து இறங்க வேண்டும், காய்ந்த மண்ணில் முதல் தூறல் விழுவதுபோல, புள்ளி புள்ளியாக. (அந்த வயதில் எனக்கு எல்லாமே தூறலாகத்தான் தெரியும்.)

அதில் ஒரு சிக்கல். பெயர்களைப் பத்திரமாக வைத்திருக்க டிபேஸ் என்றொரு கம்ப்யூட்டர் மொழி இருந்தது. அதற்கு ஞாபகம் அதிகம், ஆனால் தமிழ் எழுத்து வரையத் தெரியாது. பேசிக் என்று இன்னொரு மொழி. அது புள்ளி வைத்து எதை வேண்டுமானாலும் வரையும், ஆனால் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. நான் டிபேஸின் வயிற்றுக்குள்ளிருந்தே பேசிக்கை ஓட்டினேன். டிபேஸ் பெயர்களை ஒரு ஃபைலில் எழுதிவிட்டுக் குரல் கொடுக்கும். பேசிக் எழுந்து வந்து, ஃபைலைப் படித்து, தமிழில் அச்சடித்துவிட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஃபைல் காலியாக இருந்தால்? அப்போது அச்சடிக்க, சோதனைக்காக ஒரு மாதிரி ஜோடியைப் பேசிக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். மாதிரிப் பெண்ணுக்கு அக்கா பெயர். மாப்பிள்ளைக்கு யோசித்து ஜன்னல் வழியே பார்த்தபோது, தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ரொட்டிக் கடைப் பலகையில் 'மரியசூசை' என்று இருந்தது. மரியசூசை ஐயாவுக்கு அறுபது வயது. மனைவி இறந்து பத்து வருடம். தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு இரண்டு ரொட்டி கொடுத்தனுப்பும் நல்ல மனிதர்.

சனிக்கிழமை டிபேஸில் பிலோமினா, ஜோசப் என்று தட்டினேன். பிரிண்டர் கிறீச்சிட்டு ஓலையை இறக்கியது. பிலோமினாவின் 'லோ' எவ்வளவு அழகாகச் சுழித்திருந்தது! எழுத்தைப் பார்த்தேன், எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை. அப்படியே உறையில் போட்டு ஒட்டி, சாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் மாற்றலாகி வந்து இரண்டே வாரம். ஊரில் யாரையும் தெரியாது.

மறுநாள் பூசைக்கு மாப்பிள்ளையின் பெரியப்பாவும் வந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 'அலோர்' (பிரெஞ்சில் 'அப்படியானால்') என்று ஆரம்பிக்காமல் அவருக்கு வாக்கியமே வராது. நாங்கள் ஓலையை ஒழுங்காக வாசிக்கிறோமா என்று சந்தேகப்பட்டு, கருவடிக்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்தார்.

சாமியார் கணீரென்று வாசித்தார். "பிலோமினாவுக்கும்... மரியசூசைக்கும்..."

மூன்றாவது வரிசையில் மரியசூசை ஐயா, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதுபோல எழுந்து நின்றுவிட்டார். நின்றவருக்கு உட்காரத் தெரியவில்லை. "விக்கினம் தெரிந்தவர்கள்" என்று சாமியார் தொடர்ந்தபோது அம்மா என் தொடையில் கிள்ளியது இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது.

வெளியே வந்ததும் பெரியப்பா அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "அலோர், யாருய்யா அந்த மரியசூசை?"

"ரொட்டிக் கடைக்காரருங்க. இது மெஷின் பண்ண தப்புங்க."

"மெஷினுக்கு இன்னா தெரியும் அந்த ஆள? தெனம் உங்க வூட்டுக்கு ரொட்டி வருதாமே?"

"மிச்ச ரொட்டிங்க..."

"பத்து வருசமா பொண்டாட்டி இல்லாதவன், வயசுப் பொண்ணு இருக்கிற வூட்டுக்கு ரொட்டி அனுப்புறான். ஓலையிலயும் பேரு வருது. நான் இன்னான்னு நெனைக்கிறது?" என்னைப் பார்த்தார். "தம்பி, நாளைக்கு அந்த மெஷின நான் பாக்கணும். அது சரியில்லன்னா, கல்யாணம் கெடையாது."

அக்கா அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் வந்த ரொட்டியை மட்டும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பெரியப்பா வந்தார். பூட்ஸைக் கழற்றச் சொன்னதற்கே சந்தேகப்பட்டார். "எம்பேரு போடு. எம்பொண்டாட்டி பேரும் போடு."

தட்டினேன். பிரிண்டர் கிறீச்சிட்டது. பிலோமினா, மரியசூசை.

"அலோர்! அந்தோணியார் பேரு போடு."

பிலோமினா, மரியசூசை.

"பாப்பரசர் பேரு போடு."

உலகத்தில் யார் பெயரைக் கொடுத்தாலும் என் அக்காவை அந்த மெஷின் ரொட்டிக் கடைக்கே கட்டிக்கொடுத்தது. பெரியப்பாவின் மீசை கொஞ்சம் ஆடியது. கோபமா சிரிப்பா என்று அதை நம்பிச் சொல்ல முடியாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிபேஸ் ஃபைலில் எழுதிய பிறகு அதை மூட வேண்டும். மூடும்வரை எழுதியது ஃபைலுக்குப் போய்ச் சேராது. நான் மூடச் சொல்லவே இல்லை. பேசிக் ஒவ்வொரு முறையும் காலி ஃபைலைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே ஜோடியை அச்சடித்திருக்கிறது.

விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டார். "அதாவது, சேதிய எழுதி உங்கையிலயே வச்சிக்கினு, 'ஓடிப்போயி குடுத்துட்டு வாடா'ன்னு சொல்லிருக்க. பட்டாளத்துல இதுக்கு ஒரு வாரம் ஜெயிலு."

மூடச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். இப்போது அவர் பெயரும் அவர் மனைவி பெயரும் இறங்கின. காகிதத்தைக் கண்ணாடி போட்டு மூன்று முறை படித்து, நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "இது எங்கிட்டயே இருக்கட்டும். இதையும் உங்க சாமியாரு வாசிச்சிட்டா, அவளோட நான் மறுபடியும் மொதல்லேருந்து வாழணும்."

கல்யாணம் நடந்தது. அடுத்தடுத்த ஓலைகளைப் பெரியப்பாவே உட்கார்ந்து, தன் கையால் எழுதினார்.

கல்யாணத்தன்று மரியசூசை ஐயா கேக்கோடு வந்தார். தலைமுடி புதிதாகக் கறுத்திருந்தது. என்னை ஓரமாக இழுத்து, "மூணு ஓலையில ஒண்ணு எம்பேர்ல முடிஞ்சிபோச்சி. மீதி ரெண்டு எப்போ மச்சான்?" என்றார். கடைசிவரை என்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டார். ஆனாலும் அந்த முடி எதற்காகக் கறுத்தது என்று இன்றுவரை எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அக்காவுக்கும் ஜோசப் மாமாவுக்கும் சண்டை வந்தால் இப்போதும் அக்கா அந்த ஒரு வாக்கியத்தைத்தான் எடுக்கிறாள்: "பேசாம மொத ஓலைக்கே போயிருப்பேன். ரொட்டியாவது சூடா கெடைச்சிருக்கும்."

மாமா திரும்பி என்னைத்தான் பார்ப்பார்.