எல்லாக் கடிதத்துக்கும் அடியில் ஒரு மன்னிப்பு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இவ்விடம் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் உங்கள் மாமியார் பதினோரு நாளாக உங்கள் வீட்டில் இருக்கும்போது இவ்விடம் என்ன நலம் வாழப்போகிறது? ஆகவே அவ்விடத்து நலத்தை மட்டும் விசாரிக்கிறேன்.

சண்டையின் காரணத்தை அவள் சொல்லியிருப்பாள். என் தரப்பையும் கேளுங்கள். முப்பத்து நான்கு வருஷம் அலுவலகத்தில் கோப்பு அடுக்கியவன் நான். அவள் கண் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில், சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கி, கம்ப்யூட்டரில் பெயர் அடித்து ஒட்டினேன். நல்லதுக்குத்தான். அந்தக் கம்ப்யூட்டரோ எதை அடித்தாலும் எறும்பு சைஸில்தான் காட்டும். கண்ணில் சொட்டு மருந்தோடு வந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. காப்பியில் உப்பு விழுந்தது. "இது என் அடுப்படியா, உங்க ஆபீஸா?"ன்னு கேட்டா. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "லேபிள் படிக்கத் தெரியாதவங்களுக்கு நான் என்ன பண்றது?"ன்னுட்டேன். சாயங்காலமே பெட்டியோட கிளம்பிட்டா.

சரி, நேர்ல மன்னிப்புக் கேக்கத்தான் வாய் வரல, எழுத்துல கேப்போம்னு உட்கார்ந்தேன். அவ கண்ணுக்குப் பெரிய எழுத்தா வேணுமே! உங்களுக்குப் போன் பண்ணினேன். என்ன சொன்னீங்க? "மாமா, ஒவ்வொரு தடவையும் மாத்திக்கிட்டு இருக்காதீங்க. டெம்ப்ளேட்டைத் திறந்து, எழுத்து சைஸ், வரி இடைவெளி எல்லாம் வெச்சு சேவ் பண்ணிடுங்க. அப்புறம் எந்தப் புது ஃபைலைத் திறந்தாலும் அப்படியே வரும்"னீங்க. வெச்சேன். பதினெட்டு சைஸ், தடிச்ச எழுத்து. பார்க்க லட்சணமா இருக்கேன்னு மன்னிப்பையும் அதுலயே அடிச்சு சேவ் பண்ணித் தொலைச்சேன். பிரிண்ட் எடுத்ததைத் தபால்ல போட மானம் இடம் கொடுக்கல, மேஜைக்குள்ள கிடக்கு. எழுத்து மட்டுமில்ல, மன்னிப்பும் சேர்ந்தே ஒவ்வொரு புது ஃபைல்லயும் வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் வீட்டுக்காரருக்குக் குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னு சூடா ஒரு கடிதம் அடிச்சேன். நான் அந்தக் காலத்து டைப்பிங் கிளாஸ் ஆளு, திரையை நிமிர்ந்தே பார்க்க மாட்டேன். பிரிண்டையும் படிக்காம மடிச்சுக் கொடுத்தனுப்பிட்டேன். என் புகார் முடியற இடத்துல, "செஞ்சது என் தப்புதான். இனிமே உன் பேச்சைத் தட்ட மாட்டேன். கோபத்தை விட்டுட்டு வீட்டுக்கு வா"ன்னு தடித்தடியா நிக்குது! வந்தார் மனுஷன். "பெரிய மனசு சார் உங்களுக்கு"ன்னு என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டு, குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்காம போயிட்டார். அதோட விட்டுதா? அவர் வர்றதுக்கு முன்னாடியே, மாடிப்படியில செருப்பு போடாதீங்கன்னு எல்லார் வீட்டுக் கதவுலயும் படிச்சுப் பார்க்காம நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். அதுக்கடியிலயும் அதே! மேல்வீட்டு டீச்சரம்மா "பரவால்ல சார், விடுங்க"ன்னு சொல்லிட்டு இன்னும் ரெண்டு ஜோடி கொண்டாந்து வெச்சாங்க. எதிர்வீட்டுத் தையல்காரர் மட்டும் "யாரு சார் வீட்டுக்கு வரணும்?"னு அக்கறையா விசாரிச்சார்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வந்து அந்த டெம்ப்ளேட்டைத் துடைத்துச் சுத்தம் செய்து தரவும். பயந்துபோய் இதைக் கையால்தான் எழுதுகிறேன். வரும்போது மாமியாரையும் கையோடு அழைத்து வரவும். நான் மன்னிப்புக் கேட்டதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள், தப்பெல்லாம் கம்ப்யூட்டருடையது. அவ இல்லாம வீடு வெறிச்சுன்னு இருக்கு மாப்பிள்ளை, எனக்குத் தாங்கல. அதையும் சொல்லிடாதீங்க.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசி. தாங்கள் நீண்ட ஆயுளும், மாமனாரிடமிருந்து குறைந்த போன்களும் பெற்று வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், காலிங்பெல் அடிச்சுது. பார்த்தா உங்க மாமியார், பெட்டியோட! டீச்சரம்மா போன்ல நோட்டீஸை முழுசா வாசிச்சுக் காட்டினாங்களாம். நீங்க ஆபீஸ் போனதும் கிளம்பிட்டாளாம். "ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டாச்சு, கட்டினவகிட்ட கேக்க மட்டும் வாய் வரலையா?"ன்னா. கேட்டேன் மாப்பிள்ளை, வாயாலதான். "காதுல விழல"ன்னா. இன்னொரு தடவையும் கேட்டேன். இப்ப உள்ள டப்பாவெல்லாம் இடம் மாறிக்கிட்டிருக்கு, சத்தம் கேக்குது. ஞாயித்துக்கிழமை வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. டெம்ப்ளேட்டுல மட்டும் கை வெச்சுடாதீங்க. எனக்கு அது அடிக்கடி தேவைப்படும்.