டயரைக் காப்பாற்றியவள்

வானமே இடிந்து விழுந்தாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை ரேஸை முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை பார்த்தே தீருவது என்று கருங்கல் ஊர்க்காரர் ராஜையன் முடிவெடுத்தார். வருஷத்தின் கடைசி கார் ரேஸ். சாம்பியன் யாரென்று அன்றுதான் தெரியும்.

அதுவரை அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. வளைகுடாவில் இருபது வருஷம் உழைத்து அவர் ஊருக்குக் கொண்டுவந்ததில் மிஞ்சியவை இரண்டு: சர்க்கரை வியாதி, ரேஸ் பைத்தியம். இந்த வருஷம் ரேஸும் கசந்துவிட்டது. காரணம் டயர். பதினைந்து சுற்றில் பிய்ந்துபோகிற டயரை மாட்டிவிட்டார்கள். பிய்ந்துவிடுமே என்ற பயத்தில் எவனும் எவனையும் முந்துவதில்லை. ராஜையனின் ஆள் மஞ்சள் கார்க்காரன். அவன் வேகமெடுக்கப் போகும்போதெல்லாம் காதுக்குள் டீம் ரேடியோவில் ஒரு குரல் சொல்லும்: “டயரைக் காப்பாத்து, மெல்லப் போ.” அவனும் மெல்லப் போவான். டிக்கெட் வாங்கி வந்த ஜனம் கொட்டாவி விடும். சோபாவில் ராஜையனுக்கு அழுகை முட்டும். தன் தோட்டத்து ரப்பர்ப் பால் போய்ச் சேருகிற இடம் இதுதானா என்று நெஞ்சு வலிக்கும்.

கடைசி ரேஸிலாவது ஏதாவது நடக்கும் என்று அவர் நம்பியிருந்தபோது, மனைவி ஞானபாய் தங்கச்சியின் புது வீட்டுப் பிரதிஷ்டையை நினைவுபடுத்தினாள். அதே ஞாயிறு, குழித்துறையில். ஆறு மணிக்கு ஜெபம், பிறகு சாப்பாடு. ரேஸ் ஆறரைக்கு. கார் ஓட்ட வேண்டியவர் ராஜையன்.

சனிக்கிழமையே காரிலிருந்த ஸ்டெப்னி டயரை உருட்டிக்கொண்டுபோய், ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில் சாக்கு போட்டு மூடினார். ஞாயிறு மதியம் ஞானபாய் கண்ணயர்ந்ததும் முன்பக்கத்து இடது டயரில் மூன்றங்குல ஆணியை அடித்தார். டயர் அசையவில்லை. டியூப் இல்லாத டயர், ஆணியைக் கவ்விக்கொண்டு கல்லாக நின்றது. போகக்கூடாத டயரெல்லாம் போகிறது, போகவேண்டியது போகமாட்டேன் என்கிறதே என்று நொந்துபோய் ஆணியைப் பிடுங்கினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. அந்த வருஷத்தில் அவர் கேட்ட ஒரே இனிய சத்தம்.

“ஏட்டி, டயரு போச்சு. ஸ்டெப்னியும் இல்ல, பஞ்சர் ஒட்டக் குடுத்தது வரல்ல,” என்றார் உள்ளே போய். “ஞாயித்துக்கெழம எந்தக் கடையும் தொறக்காது. நீ ஒரு ஆட்டோவப் பிடிச்சுப் போ.”

“செரி,” என்றாள் ஞானபாய்.

அவ்வளவுதான். முப்பது வருஷத்தில் அவள் ஒரு வார்த்தையோடு நிறுத்தியதே கிடையாது. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். ஆனால் அவர் குளித்து, நேந்திரங்காய் சிப்ஸை மடியில் வைத்துக்கொண்டு, டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மணிக்கு முற்றத்தில் இரும்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஞானபாய் கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்தாள். கார் நான்கு காலில் நின்றது.

“ஸ்டெப்னி... எங்க கெடந்துது?”

“ஷீட்டு திருப்பிப் போட தெனமும் கொட்டகைக்குப் போறது நான்தானே? நீங்க அங்க எட்டிப் பாத்து எத்தன வருசமாச்சு? அதான் தெரியாமப் போச்சு.”

“டயரு மாத்த எங்க படிச்ச?”

“ஞாயித்துக்கெழம தோறும் பக்கத்துல இருத்திக் காட்டினிய இல்லியா? ரேஸுல அவனுவ ரெண்டு செகண்டுல நாலு மாத்துதானுவ. எனக்கு ஒண்ணுக்கு இருவது நிமிசம் ஆச்சு.” ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தாள். “சட்டய மாத்துங்க.”

குழித்துறையில் ஜெபம் நீண்டது. பாட்டு அதைவிட நீண்டது. பந்தியில் பரிமாறியது எதுவும் ராஜையனுக்கு இறங்கவில்லை. திரும்பும் வழியில் எதிர்வீட்டு ஜெப்சன் போன் செய்தான். ரேஸ் முழுக்க முன்னால் போனவனுக்குக் கடைசி வளைவில் டயர் வெடித்ததாம். மஞ்சள் கார்க்காரன்தான் சாம்பியனாம். பார்த்த ஜனமெல்லாம் எழுந்து நின்று கூத்தாடிற்றாம். இப்படி ஒரு ரேஸை ஜென்மத்தில் பார்த்ததில்லையாம்.

ராஜையன் வருஷம் முழுக்கக் காத்திருந்தது இந்த ஒரு வளைவுக்குத்தான். துக்கம் தாளாமல் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தார்.

பக்கத்து சீட்டிலிருந்து குரல் வந்தது.

“ஸ்டெப்னி பழசு. டயரக் காப்பாத்துங்க, மெல்லப் போங்க.”

ராஜையன் மெல்லப் போனார்.