தகுதிக்குக் குறைந்த வீடு

மனிதனைச் சொத்தாசையிலிருந்து மீட்க ஞானிகள் காட்டிலும் மலையிலும் முயன்று தோற்றார்கள். வங்கியின் வீட்டுக்கடன் பிரிவு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தபடியே அதைச் சாதித்திருக்கிறது. கொத்தனாரே சாட்சி.

பன்னிரண்டு ஓட்டு வீடுகள் கொண்ட வரிசையில் நான்காவது வீட்டில் பதினோரு வருடமாகக் குடியிருந்தார் அவர். ஊரில் பாதிச் சுவர்களைப் பூசியவர். தான் குடியிருக்கும் சுவரில் ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்பவர். அந்த வீட்டுக்காரர் திடீரென்று, "வரிசையையே விக்கப்போறேன். வேணும்னா உன் வீட்ட நீ எடுத்துக்கோ" என்று மாதக் கடைசிவரை கெடு கொடுத்தார். விலை மலிவுதான்.

"கையில இருக்கிற சிமெண்டக் கழுவிட்டுப் போங்க" என்று மனைவி வங்கிக்கு அனுப்பிவைத்தாள்.

மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். தொகையைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

"இவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். வீடு சின்னது."

"நாங்க குடுக்கிறதுல ஆகக் குறைஞ்சதே இதுக்கு மூணு மடங்குங்க. சின்னக் கடனுக்கும் அதே வக்கீல், அதே பேப்பர் கட்டு. கட்டுப்படியாகாது. கொஞ்சம் விலை கூடுன வீடாப் பாருங்களேன்."

"அதுக்கு என் கூலி பத்தாதே சார்."

"கரெக்ட்! அதனால அதுக்கும் தரமாட்டோம்."

என்ன ஒரு சமநீதி!

"தவணையவிட அதிகமாத்தான் சார் மாசாமாசம் வாடகை கட்டுறேன்."

"வாடகை கட்டுறது ஒழுக்கம். கடன் கட்டுறது 'தகுதி'. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

வீட்டில் மனைவி கேட்டாள்: "என்ன சொன்னாரு?"

"வீடு ரொம்ப மலிவாம்."

"அடப் பாவமே! அவருக்காக விலையக் கூட்டச் சொல்லட்டுமா?"

மாதக் கடைசியில் மேனேஜரே வரிசைக்கு எழுந்தருளினார். கூட ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். நேராக நான்காம் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மனம் மாறிவிட்டாரோ என்று கொத்தனார் ஓடிப்போய் நாற்காலி எடுத்து வந்து போட்டார்.

"பதினோரு வருஷத்துல எத்தனை மாசம் வாடகை பாக்கி வச்சீங்க?"

"ஒரு மாசம்கூட இல்ல சார்!"

மேனேஜர் மனம் குளிர்ந்து குறித்துக்கொண்டார்.

"நல்லது. இந்த சார் பன்னெண்டு வீட்டையும் ஒரே கடன்ல வாங்குறாரு. ஒரே ஃபைல், பெரிய தொகை, பேங்குக்கும் வசதி. அடுத்த மாசத்துலேருந்து வாடகைய இவர்கிட்ட குடுங்க. கொஞ்சம் கூடும். பாவம், தவணை கட்டணும்ல?"

"அவ்வளவு பெரிய கடன யார நம்பி சார் குடுக்கிறீங்க?"

மேனேஜர் பாசத்தோடு கொத்தனாரின் தோளைத் தட்டினார்.

"உங்கள நம்பித்தான்."