கேன்டீனில் ஒரு திடீர் ஆய்வு

மகளின் கைச்செலவுக்கு இனி ஒரு காசுகூடக் கூட்டித் தருவதில்லை என்று தராசு சாப்பாட்டு மேஜையில் அறிவித்தார். கூட்டித் தரச் சொல்லி அங்கே யாரும் கேட்கவில்லை. கல்லூரியில் வகுப்போடு அணைக்கட்டு பார்க்கப் போகிறார்கள், பணம் கட்ட நாளைதான் கடைசி நாள் என்று மனைவி சொன்னாள், அவ்வளவுதான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு என்றுமே கிடையாது.

தராசு என்பது ஆபீஸில் வைத்த பெயர். கடை கடையாகப் போய் எடை மெஷின்களைச் சோதித்து முத்திரை வைக்கிற உத்தியோகம் அவருக்கு. இரண்டு பக்கமும் சமமாகப் பார்க்கிறவன் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம் செய்துகொண்டு அவர் சந்தோஷமாக இருந்தார். பையிலிருந்து ஒரு காசு இறங்கினாலும் இவருக்கு முள் துடிக்கும் என்ற அர்த்தத்தில்தான் அதை வைத்தார்கள். அதை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

மகள் கல்லூரியில் சேர்ந்த அன்றே அவர் கணக்குப் போட்டுவிட்டார். சாப்பாடு டப்பாவில் போகிறது, தண்ணீர் பாட்டிலில் போகிறது, பெண் பஸ்ஸில் போகிறாள். இதில் பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு வேண்டும். இருந்தாலும் தாராள மனசோடு மேலே ஒரு டீக்கும் சேர்த்துக் கொடுத்தார். அதன் பிறகு பஸ் கட்டணம் ஏறியது, டீ விலை ஏறியது, அவருடைய சம்பளம்கூட ஏறியது. கைச்செலவு மட்டும் அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"மாசம் பொறந்தா சுளையா வாங்கறாளே, அதுல மிச்சம் பிடிச்சுக் கட்டட்டும்" என்றார்.

"அதுல மிச்சம் ஏதுங்க?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். மிச்சமெல்லாம் எங்கே போகுது?"

"இருந்தாத்தானே போறதுக்கு."

"நான் படிக்கிறப்ப காலேஜுக்கு நடந்தே போனேன், தெரியுமா?"

"உங்க வீடு காலேஜுக்கு எதிர் வீடு."

"எதிர் வீடா இருந்தா மட்டும்? உருண்டா போவாங்க? நடந்துதான் போகணும்."

மகள் தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அவள் ஒன்றுமே கேட்காதது அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. கையில் காசு புரளுகிறவள்தான் அப்பனிடம் கேட்கமாட்டாள். கேன்டீனில் கேக்கும் ஜூஸுமாகச் சாப்பிட்டுத் தீர்க்கிறாள் போலிருக்கிறது. நேரில் போய்ப் பிடித்துவிட்டால், அடுத்த மூன்று வருஷத்துக்கு இந்த வீட்டில் யாரும் பணத்தைப் பற்றி வாயைத் திறக்க முடியாது.

"காலேஜ்ல இவங்களுக்கு இடைவேளை எத்தனை மணிக்கு விடறாங்க?" என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பதினோரு மணிக்கு" என்றாள் மனைவி. ஏன் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்காததை அவரும் கவனிக்கவில்லை. அவளுக்கு ஒரு பல் டாக்டரின் முன்னறையில் வேலை. பயந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டு வருகிறவர்களை, பேச்சுக் கொடுத்தே திறக்க வைக்கிறவள். இருபது வருஷமாக ஒரே வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதா?

மறுநாள் தராசு, வெயிலுக்குக்கூடப் போடாத தொப்பி ஒன்றைத் தேடி எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, எடைக்கற்கள் இருக்கும் பையோடு கல்லூரி கேன்டீனுக்குள் நுழைந்தார். திடீர் ஆய்வு என்று அடையாள அட்டையைக் காட்டினார். கேன்டீன்காரருக்கு வியர்த்துவிட்டது. அங்கே பிஸ்கட்டை எடை போட்டு விற்கிற சின்ன மெஷின் ஒன்று இருந்தது. தராசு கல்லை வைத்துப் பார்த்தார். அது ஒழுங்காகக் காட்டியது. கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அவர் வந்தது அதற்காக இல்லையே.

"கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாக்கணும்" என்றார். எதைப் பார்க்கணும் என்று கேட்க கேன்டீன்காரருக்குத் தைரியம் இல்லை. ஒரு தட்டில் கேக் இரண்டு துண்டு, சாண்ட்விச், பெரிய டம்ளர் ஜூஸ் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்தார். காசு கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று தராசு கண்டிப்பாகச் சொன்னார். அந்த விஷயத்தில் மனுஷர் சுத்தம். ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. மூலையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, முதல் கேக்கை வாயில் போட்டார்.

மணி அடித்தது. மகள் வந்தாள். கூடவே நான்கு தோழிகள். தூணுக்கு அந்தப் பக்கத்து மேஜையிலேயே வந்து உட்கார்ந்தார்கள். தராசு மூச்சைப் பிடித்துக்கொண்டார். மாட்டினாள் என்று அவருக்குள் ஒரு குஷி.

நான்கு பேர் எழுந்து போய் டீயும் சாண்ட்விச்சும் வாங்கி வந்தார்கள். மகள் பைக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இன்னிக்கும் தண்ணிதானா? வா, நான் வாங்கித் தரேன்" என்றாள் ஒரு தோழி.

"வேணாம்பா. எனக்கு இந்த கேன்டீன் சாமானே ஒத்துக்காது."

வாங்கித் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஒருத்தி மாற்றி ஒருத்தி முறை வைத்து வாங்கித் தருகிற பழக்கம். வாங்கிக்கொண்டால் ஒருநாள் இவளுடைய முறை வரும். அதற்குப் பயந்துதான் அவள் முதலிலிருந்தே வயிற்றின் மேல் பழியைப் போட்டிருக்கிறாள். வீட்டில் கேக் பெட்டியில் ஒட்டியிருக்கிற கிரீமை விரலால் வழித்துச் சாப்பிடுகிற பெண். தராசுக்கு வாயில் இருந்தது இறங்கவில்லை.

"உண்மையைச் சொல்லு, உங்க வீட்ல காசு குடுக்கறதில்லையா? உங்கப்பா ரொம்ப கறாரோ?"

"எங்கப்பாவா?" மகள் சிரித்தாள். "கேட்டா கேட்டதுக்கு மேலே எடுத்து நீட்டுவார். நான்தான் கேக்கறதில்ல."

தராசு தன் தட்டைப் பார்த்தார். ஒரு கேக் முடிந்து இரண்டாவது கேக்கில் பாதி போயிருந்தது. மகள் ஒரு வாரத்தில் செலவு செய்வதைவிட அதிகமாக அவர் கால் மணி நேரத்தில் உள்ளே தள்ளியிருந்தார். ஊதாரியைப் பிடிக்க வந்தவர் பிடித்துவிட்டார்; அந்த ஊதாரியின் தலையில்தான் தொப்பி இருந்தது. சத்தம் போடாமல் எழுந்து பின்பக்கமாகப் போய்விடலாம் என்று பையைத் தூக்கினார்.

அப்போது அவருடைய போன் உரக்கப் பேசியது. "தலைமை அலுவலகம் அழைக்கிறது. தலைமை அலுவலகம் அழைக்கிறது."

தலைமை அலுவலகம் என்பது மனைவி. கண்ணாடி போடாமல் பெயர் தெரியவில்லை என்று அவர் புலம்பியதால், யார் கூப்பிடுகிறார்கள் என்று போனே சொல்லும்படி செய்து கொடுத்தது மகள். தராசு பதறிப்போய் போனை அமுக்கிக் கட் செய்தார். அதற்குள் மகள் தூணைச் சுற்றி வந்து எதிரில் நின்றாள்.

"அப்பா" என்றாள். பிறகு தொப்பியையும் தட்டையும் பார்த்தாள்.

"ஆய்வுக்கு வந்தேன்" என்றார் தராசு. மீசையில் கிரீம் இருந்தது.

"தெரியும்ப்பா. தொப்பி நல்லா இருக்கு."

அதற்குள் தோழிகள் சூழ்ந்துகொண்டார்கள். இவர்தானா உங்கப்பா, இப்பத்தான் அங்கிள் உங்களைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம், கேட்டதுக்கு மேலே குடுப்பீங்களாமே என்று ஒரே பேச்சு. அதில் கிண்டலே இல்லை. இருந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். மகள் மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் மேஜை ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். தன் பொய் இப்போது உடையப்போகிறது என்று அவள் பயந்துபோய் நிற்பது அவருக்குத் தெரிந்தது. அந்தப் பொய்யை நிஜமாக்குகிற வேலை ஒன்றுதான் அந்த நேரத்தில் அவரால் முடிந்தது.

"உட்காருங்கம்மா எல்லாரும். என்ன வேணுமோ சாப்பிடுங்க" என்றார். தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

நான்கு பேரும் தயங்கவே இல்லை. மகளுக்கு மட்டும் அவரே போய் ஒரு கேக் வாங்கி வந்து வைத்தார். இவளுக்கு ஒத்துக்காதே அங்கிள் என்று ஒருத்தி அக்கறையாகச் சொன்னாள். மகள் அந்தக் கேக்கைச் சாப்பிட்டு, அடிக் காகிதத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்தாள். தராசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காசு கொடுக்க எழுந்தார். உங்ககிட்டப் போய் வாங்குவேனா சார் என்று கேன்டீன்காரர் கும்பிட்டார். இலவசமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிற அதிகாரி என்று மகள் முன்னால் பெயர் வாங்க வேண்டுமா? அந்தப் பழியும் விழ வேண்டாம் என்று முறைத்துக்கொண்டே பர்ஸைத் திறந்தார்.

பர்ஸில் ஒரு பஸ் பாஸ் இருந்தது. கொஞ்சம் சில்லறை இருந்தது. நேற்று அதில் இருந்த பெரிய நோட்டைக் காணவில்லை. எல்லா அறைகளையும் திறந்து பார்த்தார். தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தார். காது இரண்டும் கொதித்தன. ஏ.டி.எம். கார்டு எப்போதும் மனைவியிடம்தான் இருக்கும். பின்னால் நான்கு பெண்கள், முன்னால் கேன்டீன்காரர். கேட்டதுக்கு மேலே கொடுக்கிற அப்பா பையைத் தடவிக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் யாரோ குனிந்து நிமிர்ந்தது தெரிந்தது.

"அப்பா, உங்க பர்ஸ்லேருந்து இது கீழே விழுந்துடுச்சு" என்று மகள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி, மடித்த நோட்டு ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

எதுவும் விழவில்லை என்று அவருக்குத் தெரியும். அதை வாங்கிக் கேன்டீன்காரரிடம் கொடுத்துவிட்டு, மீதியை எண்ணாமல் மகள் கையில் வைத்தார். அவர் வாழ்க்கையில் மீதியை எண்ணாதது அதுதான் முதல் தடவை.

தோழிகள் போன பிறகு, இது ஏது என்று மெதுவாகக் கேட்டார். அணைக்கட்டுக்குக் கட்டச் சொல்லி அம்மா காலையில் கொடுத்தது என்றாள்.

"இன்னிக்குத்தானேம்மா கடைசி நாள்?"

"பரவாயில்லப்பா. அணை எங்கே போயிடப் போகுது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் இவரும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பார். அவள் சமாதானமாகச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். தராசுக்கு அந்தத் தூணில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நேரே ஆபீஸுக்கு ஓடினார். இருபது வருஷ சர்வீஸில் அவர் கேட்காத முன்பணத்தைக் கேட்டார். முன்பணம் வாங்குகிறவர்களைப் பற்றி அவர் அடித்த லெக்சரையெல்லாம் கேட்டிருந்த காஷியர், சார் உடம்பு சரியில்லையா என்றுதான் முதலில் விசாரித்தார். கல்லூரி அலுவலக ஜன்னல் மூடுவதற்குள் திரும்பி ஓடி, வரிசையில் பிள்ளைகளோடு பிள்ளையாக நின்று, மகள் பெயரில் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஓர் அறிக்கை தயார் செய்தார். கல்லூரி மாணவர்களின் இன்றைய செலவுகளை நேரில் ஆராய்ந்ததில் கைச்செலவை உயர்த்துவது நல்லதென்று தெரியவருகிறது, இப்படி. சமையலறை வாசலில் நின்று ஆரம்பித்தார். நேரில் ஆராய்ந்ததில் என்ற இடத்திலேயே அறிக்கையைக் கைவிட்டார்.

"எனக்கு வெட்கமா இருக்கு" என்றார். தூண், தொப்பி, கேக், தண்ணீர் பாட்டில், கையில் திணித்த நோட்டு எல்லாவற்றையும் வரிசையில்லாமல் கொட்டினார். "கேட்டா குடுப்பார், நான்தான் கேக்கறதில்லன்னு சொல்றா. அவ காசை எடுத்துக் குடுத்து என் மானத்தைக் காப்பாத்தினா. நான் திரும்பப் போய்க் கட்டிட்டேன். அடுத்த மாசத்துலேருந்து அவளுக்கு ரெண்டு மடங்கு. அவ வாயைத் திறந்து கேக்க வேண்டாம்."

மனைவி அடுப்பைத் தணித்தாள்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள். "ஆனா அது அவ காசு இல்லைங்க. காலையில உங்க பர்ஸ்லேருந்துதான் எடுத்து அவகிட்ட குடுத்தேன். அதைச் சொல்லத்தான் உங்களுக்கு போன் பண்ணேன். கட் பண்ணிட்டீங்க."

தராசுக்கு விஷயம் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் நிமிர்ந்தார்.

"அப்ப அது என் காசுதானே? நான் என் காசுலதான் எல்லாருக்கும் வாங்கிக் குடுத்திருக்கேன். அதுக்கு மேல அணைக்கட்டுக்கும் கட்டியிருக்கேன். நான் எதுக்கு வெட்கப்படணும்?"

"படவேண்டாமே. உங்க காசுதான்னு அவகிட்டச் சொல்லிட்டு, ரெண்டு மடங்கும் கிடையாதுன்னு சொல்லிடுங்க. உள்ளேதான் இருக்கா."

தராசு விறுவிறுவென்று மகளின் அறை வாசல் வரை போனார். கதவு பாதி திறந்திருந்தது. மகள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். நாளைக்கு என் முறை, கேக் என் கணக்கு, யாரும் பர்ஸை எடுக்கக் கூடாது என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் வீட்டில் கேட்டு வெகு நாளாகியிருந்தது. எத்தனை நாளாகியிருந்தது என்று நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

போன வேகத்தில் பாதி வேகத்தோடு சமையலறைக்குத் திரும்பி வந்து, பர்ஸைத் திறந்து மனைவி முன்னால் நீட்டினார்.

"நாளைக்கு டீக்கு மட்டும் ஏதாவது போடேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு சின்ன நோட்டை எடுத்து அதில் வைத்தாள்.

"மிச்சத்தைக் கொண்டுவந்து குடுத்துடுங்க."