எழுபத்தொன்றாவது சுற்று

நூறு வரை எண்ணத் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்புகிற உலகத்தில், அதற்கு மேல் முப்பது எண்ணாதவனை மனிதனாகவே மதிக்காதவர் ஒருவர்தான் இருந்தார். கடலூரில் அவருக்கு நூத்திமுப்பது மாமா என்று பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கலாம்.

உலகச் சண்டை முடிந்து, நாற்பதுகளின் கடைசியில், எங்கள் மணிலாக்கொட்டை மண்டி முதலாளி ஒரு குட்டி விமானத்தை ஏலத்தில் எடுத்தார். அதை ஓட்ட வந்தவர் மாமா. மண்டியில் குமாஸ்தாவாக இருந்த நான், பி.ஏ. படித்தவன் என்பதால், அவருக்கு ஒத்தாசை. ஒத்தாசை என்றால் சக்கரம் இறக்குவது. பறக்கும்போது அதன் சக்கரங்கள் மேலே மடங்கிக்கொள்ளும். மடக்கவும் இறக்கவும் என் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. நூற்று முப்பது சுற்று. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் கால் மணி நேரம்தான். ஏற்றி முடித்து வியர்வையைத் துடைப்பதற்குள் இறக்க ஆரம்பிக்க வேண்டும்.

"இவ்ளோ கிட்டக்கப் போறதுக்கு எதுக்கு மாமா மடக்கணும்? தொங்கிட்டுப் போவட்டுமே."

"வேட்டிய மடிச்சுக் கட்டாம எவனாவது ஓடுவானா? சுத்து மாப்ளே."

தரையிலும் அவருக்கு இதே நினைப்பு. எதில் உட்காரும் முன்னும் குனிந்து அதன் கால்களைப் பார்ப்பார். என் நிச்சயதார்த்தத்தில், நான் உட்காரப் போன நேரம் தடுத்து, நாற்காலிக்கு அடியில் தலையை விட்டார். பாம்பு என்று நினைத்துப் பெண் வீட்டார் கூடத்தையே காலி செய்தார்கள்.

"நாலு காலும் எறங்கியிருக்கு" என்று வாசலில் நின்ற சபைக்கு அறிவித்தார் மாமா. "ஒக்காருங்க மாப்ளே."

விமானம் இறங்கும்போது "எத்தனை?" என்று கேட்பார். "நூத்திமுப்பது" என்பேன். நம்ப மாட்டார், தாமே கைப்பிடியை அசைத்துப் பார்ப்பார். சக்கரம் இறங்காவிட்டால் அலறுகிற ஹாரன் ஒன்றும் இருந்தது. அதன் குரல் பிடித்துப்போய் முதலாளி அதைக் கழற்றித் தம் காரில் மாட்டிக்கொண்டார். மஞ்சக்குப்பத்தில் மாடுகள் மிரண்டன, ஆகாயத்தில் அமைதி.

ஒரு நாள் முதலாளி காடாம்புலியூர்ப் பலாப்பழம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரத்துச் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினார். புவனகிரியைத் தாண்டி, உழாமல் கிடந்த ஒரு கரம்பில் இறங்குவது வழக்கம். வெள்ளாற்றுக்கு மேலே நான் சுற்றிக்கொண்டிருந்தபோது நான்கு கோபுரங்களும் ஒன்றாக எழுந்து நின்றன. தெருவிலிருந்து பார்த்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிறவன் நான். இரண்டு கையும் தாமாகக் குவிந்தன. கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். திறந்தபோது எண்ணிக்கை போயிருந்தது.

"எத்தனை?" என்றார் மாமா.

மறந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. நான் "நூத்திமுப்பது" என்றேன்.

அவர் கை கைப்பிடிக்கு நீண்டது. அதே நொடியில் முதலாளி பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டினார்.

"அந்த மாடி வூடுதான் சம்பந்தி வூடு. ஒரு ரவுண்டு தாழப் போ. அவுங்க பாக்கட்டும்."

"எறங்குறப்போ பேசாதீங்க மொதலாளி."

"ப்ளேன் யாருதுய்யா?"

மாமா வளைத்தார். மாடியில் சம்பந்தியம்மாள் காயப்போட்டிருந்த வடகம் தெரு முழுக்கப் பறந்தது. நீண்ட கை கைப்பிடிக்குத் திரும்பவே இல்லை.

பிறகு தரை வந்தது. வர வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. பாதி இறங்கிய சக்கரக் கால்கள் முறிய, விமானம் வயிற்றால் கரம்பை உழுதுகொண்டு போய் வைக்கோற்போரில் முட்டி நின்றது. பின்னால் முதலாளி முனகினார்.

"குடல் வெளிய வந்துடுச்சுய்யா. மஞ்சமஞ்சளா வந்துடுச்சு."

மாமா திரும்பிப் பார்த்தார். "அது சொளை மொதலாளி. கொட்டைய எடுத்துட்டுச் சாப்புடலாம்."

சிரிக்க முடியவில்லை. பலாப்பாலோடு இறங்கிய முதலாளி, "யாரு தப்பு?" என்றார். என் வேலை போனால் கல்யாணமும் போகும். மண்டி உத்தியோகத்துக்குத்தான் பெண் கொடுத்தார்கள். மாமா என்னைப் பார்க்கவே இல்லை.

"கைப்பிடியப் பாக்க வேண்டியவன் நான். பாக்கல" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வேலையும் போயிற்று, விமானம் ஓட்டும் லைசென்ஸும் போயிற்று. எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

பிறகு அவர் கடலூர்-சிதம்பரம் பஸ்ஸை ஓட்டினார். கிளம்பும் முன் குனிந்து எல்லாச் சக்கரங்களையும் பார்ப்பார். "எறங்கியிருக்கா மாமா?" என்று பஸ்ஸே கேட்கும். "எறங்கியிருக்கு, ஏறுங்க" என்பார். பல வருஷம் கழித்து, ஒரு நாள் முன் சீட்டில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"மாமா, அன்னைக்கு நான் எழுபது சொச்சத்துலயே விட்டுட்டேன்."

"எழுபத்தொண்ணு" என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "மறுநாளு போயி மிச்சத்தச் சுத்திப் பாத்தேன். அம்பத்தொம்பது இருந்துது."

"அப்பவே தெரியுமா? ஏன் மாமா சொல்லல?"

"நாலு காலும் எறங்கியிருக்குன்னு பொண்ணு வூட்டாருக்குச் சொன்னவன் நானு. நானே ஒரு காலப் புடுங்கறதா?"

இன்றும் கோபுரம் கண்ணில் பட்டால் எனக்கு ஒரு கைதான் உயர்கிறது. இன்னொரு கை அந்தக் கைப்பிடியை இன்னும் விடவில்லை, மாமா.