ஆறாவது வாரமாகப் படியில்லாத வீட்டிலிருந்து

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவன் எழுதுவது. முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சௌக்கியமாகவே இருப்பீர்கள். உங்கள் வீட்டில் படி இருக்கிறது, ஏறலாம், இறங்கலாம், சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல். என் சௌக்கியத்தில் பாதி வீட்டுக்குள் இருக்கிறது. மீதி முன்வாசலில் பலகைகளோடு சேர்த்துப் பிரித்துப் போடப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் “சரி அத்தான், பாத்துக்கலாம் அத்தான்” என்று நாலே வார்த்தையில் வைத்துவிடுகிறீர்கள். எழுத்தில் இருந்தால் பாதியில் வைக்க முடியாது பாருங்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முன்வாசல் மரத்தளத்தில் ஒரு பலகை இற்றுப்போய், உங்கள் அக்காவின் கால் அதில் இறங்கி, முட்டி பிசகிவிட்டது. டாக்டர் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நடக்கச் சொன்னார். நடக்காவிட்டால் முட்டி அப்படியே இறுகிவிடும், அப்புறம் மடக்கவே முடியாது என்றார். பின்வாசலில் இருக்கும் ஒன்பது படியும் ஏணி மாதிரி செங்குத்து, அதில் அவள் இறங்க முடியாது. ஆக, முன்பக்கத்தைச் சரி செய்தால்தான் அவள் நடக்க முடியும். நான் கேட்டது மூன்று பலகை, ஒரு படி. அவ்வளவுதான். நீங்கள்தான் “எனக்குத் தெரிஞ்ச காண்ட்ராக்டர் ஒருத்தர் இருக்கார், தங்கமான மனுஷன், கண்ணை மூடிக்கிட்டு விடலாம்” என்றீர்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது வாசலைக் காணோம்.

தங்கமான மனுஷன் வந்த அன்றைக்கே மண்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பலகையாக விரல் முட்டியால் தட்டி, கண்ணை மூடிக் காது கொடுத்துக் கேட்டார். பேசும் பலகை நல்ல பலகையாம், பேசாத பலகை போன பலகையாம். நான், “மூணுதானேங்க?” என்றேன். “சார், மூணை மட்டும் மாத்தினா பக்கத்துல இருக்கறது மனசு விட்டுடும்” என்றார். சாயங்காலத்துக்குள் இருபத்தேழு பலகையும் மனசு விட்டு, படிகளோடு சேர்ந்து ஓரமாகப் போய்க் கிடந்தன. கதவைத் திறந்தால் நாலடி ஆழத்துக்கு வெறும் காற்று. தபால்காரர் கீழே நின்றுகொண்டு கடிதங்களைக் குடைக் கம்பியில் குத்தி மேலே நீட்டுகிறார். வந்த கடிதத்துக்கெல்லாம் நடுவில் ஒரு ஓட்டை. நானே போன வாரம் பழக்க தோஷத்தில் கதவைத் திறந்து, செருப்பை மாட்டி, ஒரு காலை எடுத்து வெளியே வைத்தேன். விழுந்தது மரத்தூள் மூட்டை மேலே. காண்ட்ராக்டர் ஓடி வந்து தூக்கிவிட்டு, “நல்ல வேளை சார், மூட்டையை இன்னைக்குக் காலையிலதான் அங்க போட்டேன்” என்கிறார். அதுக்கு நான் நன்றி வேற சொன்னேன், மாப்பிள்ளை! இப்ப நெனைச்சாலும் பத்திக்கிட்டு வருது.

இதுகூடப் போகட்டும். கூட வேலை செய்ய அவர் யாரைக் கூட்டிக்கிட்டு வர்றார் தெரியுமா? அவரோட மாமனாரை. மனுஷருக்கு எழுபது வயசு இருக்கும், நல்ல வேலைக்காரர்தான், மரத்தைத் தொட்டே ஈரம் சொல்றார். ஆனா ரெண்டாம் நாள்லேர்ந்து மாமனாரும் மருமகனும் பேச்சு வார்த்தை இல்லை. என்ன சண்டைன்னு கேட்டா ரெண்டு பேரும் வானத்தைப் பாக்கறாங்க. பலகையோட அந்த முனையை ஒருத்தர் பிடிக்கறார், இந்த முனையை ஒருத்தர் பிடிக்கறார், நடுவுல நான்.

“சார், மாமாவைக் கொஞ்சம் இடது பக்கம் நகரச் சொல்லுங்க.”

“ஐயா, இடது பக்கம் நகரணுமாம்.”

“யாரோட இடதுன்னு கேளுங்க சார்.”

“யாரோட இடதுங்க?”

“பெரியவங்க இஷ்டம்னு சொல்லுங்க.”

இப்படியே காலை எட்டு மணியிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். நான் நகர்ந்தா வேலை நின்னுடுது. மதியம் சாப்பிட்டு அரை மணி கண் அசந்துட்டு வந்தா, ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில ரம்பத்தை மடியில வெச்சுக்கிட்டு எனக்காகக் காத்திருக்காங்க. கிடங்குல முப்பத்தி நாலு வருஷம் நாப்பது பேரை வேலை வாங்கினவன் நான். ரெண்டே ரெண்டு பேர்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கறேன்.

அதோட எல்லா முடிவும் நானே எடுக்கணுமாம். பலகைக்கும் பலகைக்கும் நடுவுல தீக்குச்சி போற அளவு சந்து விடறதா, பென்சில் போற அளவு விடறதான்னு ஒரு கேள்வி. “ஏதோ ஒண்ணு வெய்யுங்க”ன்னேன். “அப்படிச் சொல்லக்கூடாது சார், நாளைக்கு மழை பெஞ்சா பலகை உப்பும், நீங்கதான் பதில் சொல்லணும்”னார். யாருக்குப் பதில் சொல்லணும்? மழைக்கா? சரின்னு பழைய நோட்டு ஒண்ணை எடுத்து, அளவெல்லாம் போட்டு, படம் வரைஞ்சு, மூணு நாள் உக்காந்து யோசிச்சுப் பென்சில்னு முடிவு பண்ணினேன். மரக்கடைக்கு ரெண்டு பஸ் மாறி நானும் போனேன். அங்கயும் ஒருத்தர் முன்னால, ஒருத்தர் பின்னால, நடுவுல நான். மரக்கடைக்காரர் என்னைத்தான் காண்ட்ராக்டர்னு நெனைச்சுக்கிட்டு, தேக்கு மாதிரி இருக்கற ஏதோ ஒண்ணைத் தேக்குன்னு தலையில கட்டப் பாத்தார். விடுவேனா? ரேகையைப் பாத்தே சொல்லிட்டேன், இது அது இல்லைன்னு. அஞ்சு வாரத்துல அது ஒண்ணுதான் லாபம்.

நாலாவது வாரம் தளம் முடிஞ்சது, மாப்பிள்ளை. சத்தியமா முடிஞ்சது. கடைசித் திருகாணி வரைக்கும் முறுக்கியாச்சு, படி மட்டும் பாக்கி. நான் உள்ளே ஓடிப்போய் உங்க அக்காவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வர்றேன், அதுக்குள்ள அந்தப் பெரியவர் மண்டி போட்டு ஒரு பலகையைத் தட்டறார். தட்டிட்டு என் முகத்தைப் பாத்து, “மருமகன்கிட்ட சொல்லுங்க சார், நடுப்பலகை பேசலை”ங்கறார். அது நடுப்பலகையாம், அதை எடுக்கணும்னா ரெண்டு பக்கத்தையும் எடுத்தாத்தான் ஆகுமாம். எடுத்துட்டாங்க. என் கண்ணு முன்னாலயே அத்தனையும் திரும்பப் பிரிச்சுப் போட்டாங்க. நான் கத்தின கத்துல எதிர்வீட்டு ஜன்னல் ரெண்டும் திறந்துச்சு. உங்க அக்கா மட்டும், “கத்தாதீங்க, அவங்க டீ குடிக்கட்டும்”னு டம்ளரை நீட்டறா.

எனக்கு வேலை இழுக்கறது கூடப் பெரிசில்லை. சாயங்காலமானா அவ திறந்த கதவுகிட்ட நாற்காலியைப் போட்டு உக்காந்து தெருவைப் பாக்கறா பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. அஞ்சு வாரமா அவ கால் மண்ணுல படலை. முட்டி எப்படி இருக்குன்னு கேட்டா “இருக்கு”ங்கறா. வலிக்குதான்னா “உங்க வேலையைப் பாருங்க”ங்கறா. அது மடங்காமலே போயிடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு. அவகிட்ட இதைச் சொல்ல முடியலை, அதான் உங்ககிட்ட சொல்றேன்.

ஆகவே, தாங்கள் இந்தக் கடிதம் கண்டவுடன் தங்களுடைய தங்கமான மனுஷனைக் கூப்பிட்டு, நல்லபடியாக நாலு வார்த்தை கடுமையாகச் சொல்ல வேண்டியது. நான் சொல்லிப் பார்த்தாயிற்று. கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுப் போனாலும், “சார், படிக்கு விளிம்பு உருட்டலா இருக்கட்டுமா, சப்பையா இருக்கட்டுமா?” என்று அவர் கேட்டதும் கோபத்தை மறந்து நோட்டை எடுக்கப் போய்விடுகிறேன். தங்கள் குடும்பமும் குழந்தைகளும் எல்லா வளமும் பெற்று, பழுது பார்க்கும் வேலை எதுவும் வராத வீட்டில் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

தங்கள் அத்தான்.

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதறது. கவரை ஒட்டச் சொல்லி உங்க அத்தான் என்கிட்ட குடுத்தார். படிச்சிட்டேன். நீ காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுத் திட்டிடாதே, பாவம், எல்லாம் நான் சொல்லித்தான் செய்யறார். மாமனாரும் மருமகனும் பேசாம இருக்கற யோசனை என்னோடது இல்லை, அந்தப் பெரியவரோடது. அவரும் உங்க அத்தான் மாதிரி வேலையை விட்டு வீட்டுல உக்காந்து, ஒரு வருஷம் இப்படித்தான் முடங்கிப்போயிட்டாராம். சாயங்காலம் தெருமுனைகிட்ட போனதும் ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டே போறதை நான் இங்க நாற்காலியிலேர்ந்து தினம் பாக்கறேன். என் முட்டிக்கு ஒண்ணும் இல்லை. முதல் வாரமே காண்ட்ராக்டர் பின்படிக்கு ஒரு கைப்பிடி போட்டுக் குடுத்துட்டார். உங்க அத்தான் மதியம் தூங்கற நேரத்துல அதைப் பிடிச்சுக்கிட்டு இறங்கி அரை மணி நடந்துட்டு வந்துடறேன். அவரும் அதைப் பிடிச்சுக்கிட்டுதான் தினம் இறங்கறார், இன்னும் கவனிக்கலை. காலையில ஒரு அரை மணிதான் விட்டுப்போகுது, அதை டாக்டர்கிட்ட நான் பாத்துக்கறேன்.

உன்கிட்ட நான் சொன்னதில்லை. வேலையை விட்டு வந்து எட்டு மாசம் அவர் சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டே இருந்தார். குளிக்கச் சொன்னா “ம்”, சாப்பிடச் சொன்னா “ம்”. நான் அந்தப் பக்கம் போய் அழுதுட்டு வருவேன். இப்ப ஆறு மணிக்கு எழுந்து, சவரம் பண்ணிக்கிட்டு, காதுல பென்சிலைச் சொருகிக்கிட்டு வாசல்ல போய்க் கத்தறார். அந்தச் சத்தம் கேக்க எனக்கு எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?

ஆனா வர்ற வெள்ளிக்கிழமை படி வெச்சே ஆகணுமாம். வேற வீட்டுல காத்துக்கிட்டிருக்காங்களாம், இதுக்கு மேல இழுக்க முடியாதுன்னு காண்ட்ராக்டர் கையெடுத்துக் கும்பிட்டுட்டார். எனக்குச் சனிக்கிழமையை நெனைச்சாத்தான் பயமா இருக்கு. அதனால அத்தானுக்கு நீ உடனே ஒரு பதில் எழுது. உன் வீட்டு வாசல்ல ஒரு பலகை ஆடுது, அத்தான் வந்து பாத்தாத்தான் ஆகும்னு எழுது. எதுவும் ஆடலைன்னா, இன்னைக்கே ஒண்ணைக் கழட்டி வை.