ஆர்விட் ஹவ்லாண்டின் மூன்றாவது கட்டம்

திருமணம் என்பது இரண்டு உள்ளங்கள் ஒன்றாவது என்று பாதிரியார்கள் சொல்கிறார்கள். பாதிரியார்களுக்குச் சம்பளப் பிரிவில் வேலை இல்லை, அதனால் அப்படிச் சொல்கிறார்கள். எங்கள் ஊரான ஓஸ்முண்டில் கல்யாணம் தேவாலயத்தில் தொடங்குவது உண்மைதான். ஆனால் அது முறைப்படி நிறைவேறுவது பள்ளி அலுவலகத்தின் சம்பளப் பிரிவில். ஊரில் பெரும்பாலானவர்களுக்குச் சம்பளம் அங்கிருந்துதான். மேற்படி தம்பதியர் தங்கள் சம்பளத்தில் வருமான வரியை எந்த விதத்தில் பிடிக்க வேண்டும் என்று படிவத்தில் குறி போட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்தப் படிவத்தில் அப்போது மூன்று கட்டங்கள் இருந்தன. முதலாவது, தனியாள். இரண்டாவது, திருமணமானவர். இந்த இரண்டில் மனித குலமே அடங்கிவிட்டது என்று நீங்களும் நானும் நினைப்போம். அரசாங்கம் அப்படி அவசரப்படுவதில்லை. மூன்றாவதாக ஒரு கட்டம் வைத்திருந்தது: 'திருமணமானவர், ஆனால் தனியாளுக்குரிய கூடுதல் விகிதத்தில் வரி பிடிக்கவும்.' இதை யோசித்து எழுதிய அதிகாரி யாரென்று தெரியவில்லை. அனுபவசாலியாகத்தான் இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போய், இரண்டு பேரும் இரண்டாவது கட்டத்தில் குறி போட்டால், மாதாமாதம் குறைவாகப் பிடிப்பார்கள். கையில் காசு புரளும். ஏப்ரலில் அரசாங்கம் மிச்சத்தை மொத்தமாகக் கேட்கும். மூன்றாவதில் போட்டால் தேவைக்கு மேல் பிடித்து வைத்துக்கொண்டு, வசந்த காலத்தில் வட்டி இல்லாமல் திருப்பித் தரும். அந்தப் பணம் வரும்போது எங்கள் ஊரில் திருவிழாதான். புது டிவி வாங்குவார்கள், புல்வெட்டி வாங்குவார்கள். ஏது என்று கேட்டால், "கவர்மென்ட் குடுத்துச்சு" என்பார்கள்.

ஆர்விட் ஹவ்லாண்ட் எங்கள் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக். நான் அதே பள்ளியில் அறிவியல் வாத்தியார், அதனால் அவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு ஏப்ரலில் அவன் அப்பா வரி கட்டப் பணமில்லாமல் படகை விற்றார். ஏரிக்கரை ஊரில் படகில்லாமல் வளர்ந்த பையன் எப்படி இருப்பான்? எதற்கும் பயப்படுவான். பின்னால் சம்பாதித்துத் தானே ஒரு படகு வாங்கினான். வாங்கிய நாளிலிருந்து அது எப்போது போகுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தான்.

பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் மார்லிஸை அவன் செப்டம்பர் கடைசியில் கல்யாணம் செய்துகொண்டான். அடுத்த திங்கட்கிழமை இருவரும் படிவம் கொடுத்தார்கள். மார்லிஸ் இரண்டாவது கட்டத்தில் குறி போட்டாள். ஆர்விட் மூன்றாவதில் போட்டான்.

இரண்டையும் வாங்கியவர் வெர்னா டோலெஃப்சன். சம்பளப் பிரிவே அவர்தான். மார்லிஸுக்குப் பெரியம்மாவும் அவர்தான். சம்பளப் பிரிவில் பார்த்தது அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. வெர்னா அந்த விதியைத் தன் பணிக்காலம் முழுவதும் ஒரு சொல்கூடப் பிசகாமல் காப்பாற்றியவர். அன்றும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதிய உணவு நேரத்தில் வீட்டுக்குப் போய் ஒரு ஹாட்டிஷ் செய்து, மார்லிஸ் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? ஹாட்டிஷ் என்றால் கொத்திறைச்சி, அதன்மேல் டப்பா காளான் சூப், அதற்கும்மேல் உருளைக்கிழங்கு உருண்டை என்று அடுக்கி ஓவனில் வேக வைப்பது. எங்கள் பக்கம் விருந்துக்கும் அதுதான், துக்கத்துக்கும் அதுதான். கையில் கொடுத்தால் விருந்து. சொல்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போனால் அந்த வீட்டில் துக்கம். காரணம் கேட்பது அநாகரிகம். எதிர்வீட்டுக்காரி பார்த்தாள், அவளும் ஒன்று கொண்டுபோய் வைத்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க வைத்துவிட்டது.

என் மனைவியும் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"யாரு போயிட்டாங்க?" என்று கேட்டேன்.

"தெரியல. வெர்னாவே கொண்டுபோயிருக்கான்னா பெரிய விஷயமாத்தான் இருக்கும். பாவம், நேத்துதான் கல்யாணம் ஆன மாதிரி இருக்கு."

பாத்திரம் திரும்பி வர வேண்டும் என்று எல்லாரும் செய்வதுபோல அடியில் ஒரு டேப்பை ஒட்டித் தன் பெயரை எழுதினாள். துக்கம் வேறு, பாத்திரம் வேறு.

மார்லிஸ் வேலை முடிந்து வந்தால் வாசலில் கால் வைக்க இடமில்லை. நடுங்கிப்போய்ப் பேருந்துக் கொட்டகைக்குப் போன் செய்தாள்.

"ஆர்விட்! உசுரோட இருக்கியா?"

"இருக்கேனே. ஏன்?"

"நெசமாத்தான் சொல்றியா?"

"பஸ்ஸுக்கு அடியில படுத்திருக்கேன். ஆனா நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப யாரு செத்தது?"

டேப்புகளைப் புரட்டிப் பார்த்ததில் முதலில் வந்தது பெரியம்மாவுடையது என்று தெரிந்தது. நேரே அங்கே போனாள்.

"நான் எதுவும் சொல்ல மாட்டேன், மார்லிஸ். விதி இருக்கு," என்றார் வெர்னா. "ஒரு பேச்சுக்கு, ஒரு ஊர்ல ஒரு மெக்கானிக் இருக்கான்னு வெச்சுக்கோ."

"எந்த ஊர்ல?"

"ஏதோ ஒரு ஊர்ல. புதுசாக் கல்யாணம் ஆனவன். பொண்ணு தங்கமான பொண்ணு, பெரியம்மா ஜாடை. அந்தப் பொண்ணு ரெண்டாவது கட்டத்துல குறி போடுது. அவன் மூணாவதுல போடறான். இதுக்கு மேல என்கிட்ட எதையும் கேக்காத. என் வாயிலேர்ந்து வராது."

ஆர்விட் வீடு திரும்பியபோது மார்லிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ எந்தக் கட்டத்துல குறி போட்ட?"

"மார்லிஸ், அது வரி பிடிக்கற விகிதம்தான். வேற ஒண்ணும் இல்ல."

"கல்யாணத்துக்கு வாங்கின பூ இன்னும் வாடல. அதுக்குள்ள, என்னைத் தனியாளாவே நடத்துங்கன்னு கவர்மென்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்க!"

"முதல்ல திருமணமானவர்னுதானே இருக்கு!"

"அதோட நிறுத்திக்க வேண்டியதுதானே?"

"ஏப்ரல்ல மொத்தமாக் கேட்டா என்ன பண்றது? ஒரு முன்ஜாக்கிரதைதான்."

"அப்ப என்னைக் கட்டிக்கறதுக்கு உனக்கு முன்ஜாக்கிரதை வேணும்?"

ஆர்விட் பொய் சொல்லத் தெரியாதவன். சற்று யோசித்து, "கொஞ்சம்," என்றான்.

மார்லிஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆர்விட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரார் வைத்த ஹாட்டிஷ்களை வீணாக்கவும் மனம் வரவில்லை. எல்லாவற்றையும் மூடி, மான் கறி வைக்கிற பெரிய ஃப்ரீசரில் அடுக்கினான். அழுதான் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் ஆண்கள் அழுவதில்லை, காபி குடிப்பார்கள். அந்த வாரம் அவன் பானை பானையாகக் குடித்தான்.

மறுநாள் அலுவலகம் போய் நின்றான்.

"பெரியம்மா, அந்தக் கட்டத்தை மாத்தணும்."

"ஆபீஸ் நேரத்துல நான் பெரியம்மா இல்ல, சம்பளப் பிரிவு. சூழ்நிலையில ஏதாவது மாற்றம் உண்டா?"

"உண்டு. என் பெண்டாட்டி உங்க வீட்டுல இருக்கா."

"அதாவது நீங்க தனியா இருக்கீங்க."

"ஆமா."

"அப்படின்னா நீங்க போட்ட கட்டம் இப்பத்தான் ரொம்பச் சரியா இருக்கு. மாத்த அவசியமில்ல."

"அவ வரணும்னா இதை மாத்தணுமே!"

"இதை மாத்தணும்னா அவ வரணுமே."

வெர்னா மதிய உணவுக்காக ஜன்னலை மூடினார்.

ஆர்விட் அரசாங்கத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டான். காத்திருக்கச் சொல்லி வெகுநேரம் பியானோ வாசித்தார்கள். அதன்பின் ஒரு மனிதக் குரல் வந்தது.

"நீங்கள் திருமணமானவரா?"

"அதைக் கேக்கத்தான் சார் உங்களுக்குப் போன் பண்ணேன்."

"அதை வரி செலுத்துபவரே தீர்மானிக்க வேண்டும், சார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

விஷயம் பாதிரியார் நெல்ஸ் காதுக்கு எட்டியது. நல்ல மனிதர். இளைஞனுக்கு ஊரைக் காட்டிப் புத்தி சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும் எல்லாரையும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் உட்கார வைத்தார். ஒரு பக்கம் மார்லிஸும் வெர்னாவும், மறு பக்கம் ஆர்விட். நடுவில் நாங்கள், காபியும் கேக்குமாக.

"ஆர்விட், நல்லாப் பாத்துக்கோ," என்றார் பாதிரியார். "இங்க இருக்கறவங்க எல்லாம் வருஷக்கணக்கா ஒண்ணா வாழறவங்க. ரெண்டாவது கட்டத்துல குறி போட்டவங்க எல்லாம் கையத் தூக்குங்க!"

மார்லிஸ் கையைத் தூக்கினாள்.

வேறு ஒரு கையும் எழவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கேக்கைப் பார்த்தேன். அவள் கையும் மடியில்தான் இருந்தது. பாதிரியாரின் மனைவி எங்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். அந்த அம்மாள் தன் காலணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். வெர்னா எங்கள் எல்லாருடைய படிவத்தையும் அறிந்தவர். விதிப்படி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெர்னாவின் கணவர் ஓர்வில் பேசி நாங்கள் அதிகம் கேட்டதில்லை. அன்று பேசினார்.

"வெர்னா, நீ ஏன் கையத் தூக்கல?"

"அது ரகசியம், ஓர்வில்."

"எனக்குமா?"

"உனக்குத்தான் முதல்ல. நீ மட்டும் தூக்கினியா? வீட்டுல காலை நீட்டிப் படுக்கறியே, அந்த நாற்காலி எதுல வந்துச்சு? எல்லாம் மூணாவது கட்டத்துல வந்தது."

மார்லிஸ் எழுந்தாள். "அப்புறம் எதுக்குப் பெரியம்மா எங்க வாசல்ல கொண்டாந்து வெச்சீங்க?"

"முறைன்னு ஒண்ணு வேணாமா, கண்ணு? மொத வருஷம் ஆசையா ரெண்டாவதுல போடறது. ஏப்ரல்ல வசமா அடி வாங்கறது. அப்புறம் மூணாவதுக்கு மாத்திக்கறது. ஊரே அப்படித்தான் குடும்பம் நடத்துது. இவன் அந்த ஆசை வருஷத்தையே உனக்குக் குடுக்காம நேரா அங்க போய்ட்டான். எனக்கு மனசு கேக்கல."

ஆர்விட் எழுந்து நின்றான். தொப்பியைக் கையில் கசக்கினான்.

"நான் ரெண்டாவதுல போடறேன்," என்றான். "ஏப்ரல்ல கேட்டா படகை வித்துக் கட்டிடறேன்."

எங்கள் ஊரில் பொது இடத்தில் ஒருவன் தன் மனைவிக்காக அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. சில பெண்கள் தங்கள் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்லிஸ் மெதுவாகக் கையை இறக்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"படகெல்லாம் விக்க வேணாம்," என்றாள். "வண்டியை எடு, வீட்டுக்குப் போலாம். பெரியம்மா வீட்டுல ஹீட்டரே போடறதில்ல."

திங்கட்கிழமை அவளே அலுவலகம் போய்த் தன் படிவத்தை மூன்றாவது கட்டத்துக்கு மாற்றினாள்.

"சூழ்நிலையில் மாற்றம்?" என்றார் வெர்னா.

"புருஷன்கூடச் சேந்துட்டேன்."

"அப்ப ரெண்டாவதுதானே பொருத்தம்?"

"பெரியம்மா!"

வெர்னா முத்திரை குத்தினார். அத்துடன் ஓஸ்முண்டில் இரண்டாவது கட்டத்தில் இருந்த ஒரே ஆளும் ஒழிந்தாள். அடுத்த ஞாயிறு பாதிரியார் திருமணத்தின் புனிதம் பற்றிப் பிரசங்கம் செய்தார். எல்லாரும் தலையாட்டினோம்.

பனி கரைந்தது, பணம் வந்தது. எல்லார் வீட்டிலும் கவர்மென்ட் கொடுத்த சாமான்கள் வந்து இறங்கின. அதே வாரம் மார்லிஸ் வண்டியில் வந்து, பாத்திரங்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தாள். வெறும் பாத்திரமாக இல்லை, ஒவ்வொன்றிலும் நிறைய ஹாட்டிஷ். எங்கள் வீட்டுக்குள் என் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, வாசலில் நின்று கேட்டேன்.

"இத்தனை பேருக்கு எப்படிம்மா சமைச்ச?"

"நான் எங்க சார் சமைச்சேன்? அக்டோபர்லேர்ந்து ஃப்ரீசர்ல கெடந்துச்சு. டேப்பைப் பாத்து அவங்கவங்க குடுத்ததை அவங்கவங்களுக்கே சுட வெச்சுக் குடுத்துட்டேன்."

"யாரும் கண்டுபிடிக்கலையா?"

"எல்லாரும் தேங்க்ஸ்னு சொன்னாங்க, சார். ஓர்வில் பெரியப்பா கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு."

உள்ளே போனேன். என் மனைவி அதற்குள் ஒரு தட்டை முடித்திருந்தாள்.

"என்ன தாராளம் பாருங்க அந்தப் பொண்ணுக்கு!" என்றாள். "காளான்கூட நமக்குப் பிடிக்கற மாதிரி குறைச்சுப் போட்டிருக்கா. இவ்வளவு திரும்பி வரும்னு தெரிஞ்சிருந்தா, அன்னிக்கே நாம பெரிய பாத்திரமாக் குடுத்திருக்கலாம்."

எனக்கும் ஒரு கரண்டி போடச் சொன்னேன்.